பிரௌனியின் மூக்கு: வெள்ளவத்தை வீடொன்றுக்குக் கீறிய நாய்ப் படம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

கறுப்பு நாய், பேர் பிரௌனி. அதற்கு முன் அந்த வீட்டில் இருந்த பழுப்பு நாயின் பேரை, அது போன பிறகு வந்த குட்டிக்கும் அப்படியே வைத்துவிட்டார்கள். கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் பழைய வீடு. சிவப்புச் சீமெந்துத் தரை, முன்னால் இரும்புக் கேற். லாப்ரடோரும் ஊர் நாயும் கலந்த இனம். வயது போய், சிறுநீரகம் கெட்டு, கடைசியில் சாப்பாட்டை விட்டுச் செத்தது. கனடாவில் இருக்கும் மகள், அம்மா அப்பாவின் கலியாண நாளுக்குப் பரிசாக அதன் முகத்தைக் கீறித் தரும்படி கொழும்பில் ஒரு இளம் ஓவியரிடம் ஓடர் கொடுத்தார். தூளாய் உதிரும் நிறக் குச்சியான பேஸ்டலும் நிறப் பென்சிலும் கலந்த வேலை, 30 க்கு 40 சென்றிமீற்றர்.

அந்த ஓவியரும் நானும் தெஹிவளையில் ஒரு மேல்மாடி அறையைப் பகிர்ந்து வேலை செய்கிறோம். தன் பேர் வேண்டாம் என்றார். வீட்டுக்காரரும் நாயின் பேரை மட்டும் போடலாம் என்றார்கள். வளர்ப்புப் பிராணிகளைக் கீறுபவர்கள் இப்போது கொழும்பில் நிறையப் பேர். முடித்த படங்களை எல்லோரும் காட்டுகிறார்கள். ஒரு படம் நடுவழியில் ஏன் நின்றது, எப்படி மறுபடி ஓடியது என்று எழுதுவோர் குறைவு. இந்தப் படம் நின்ற இடம் இந்தத் தொழிலில் உள்ள எல்லோரும் ஒருநாள் வந்து நிற்கும் இடம் என்பதால் எழுதுகிறேன்.

வந்த போட்டோக்கள்

மகள் வட்ஸ்அப்பில் ஒரு கட்டுப் போட்டோ அனுப்பினார். முதல் வேலை, அவற்றை மறுபடி ‘டொக்கியுமென்ட்’ ஆக அனுப்பச் சொன்னது. சாதாரணமாக அனுப்பினால் வட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும்; கண்ணைச் சுற்றியுள்ள நுண்ணிய மயிர் எல்லாம் சேறாகிவிடும். திரும்பி வந்தவற்றில் முக்கால்வாசி எல்லா வீட்டிலும் இருக்கும் வகை: மேலே நின்று எடுத்தது, இரவில் பிளாஷ் போட்டுக் கண் பச்சையாய் எரிவது, நாக்கு மட்டும் தெளிவாய் இருப்பது, வால் ஆட்டியதில் முழு நாயும் கலங்கியது.

ஒன்றே ஒன்று அருமையாக இருந்தது. சோபாவில் நாடியை வைத்துப் படுத்திருக்கும் நாயை மிகக் கிட்ட எடுத்த போட்டோ. மூக்கின் மேல் உள்ள சிறு சிறு குமிழ்கூட எண்ணலாம். எந்த ஓவியரிடம் கொடுத்தாலும் அதைத்தான் எடுப்பார். மகளும் அதைத்தான் விரும்பினார்.

இந்த ஓவியரிடம் ஒரு வழக்கம் உண்டு. நிறம் தொட முன், வெறும் கோட்டுப் படத்தை அந்தப் பிராணியோடு வாழ்ந்தவருக்குக் காட்டியே ஆகவேண்டும். பரிசு என்றாலும் சரி, இரகசியம் என்றாலும் சரி. மகள் கொஞ்சம் முகம் சுளித்தார்; அம்மாவுக்குச் சொன்னால் பிறகென்ன ‘சப்ரைஸ்’ என்று கேட்டார். காட்டாமல் கீற ஏலாது என்று ஓவியர் பிடிவாதமாய் நின்றார். அந்தப் பிடிவாதம்தான் பிறகு எல்லோரையும் காப்பாற்றியது.

“இது எங்கட நாய் இல்லை”

கோட்டுப் படத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனபோது நானும் கூடப் போனேன். அன்ரி, அதாவது மகளின் அம்மா, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தார்.

“வடிவாத்தான் கீறியிருக்கிறீர் பிள்ளை. ஆனா இது எங்கட பிரௌனி இல்லை.”

“எந்த இடம் அன்ரி பிழையா இருக்கு?”

“அது எனக்குத் தெரியாது. ஆரோ வேற வீட்டு நாய் மாதிரி இருக்கு. கொஞ்சம் மொக்கு மாதிரியும் இருக்கு. எங்கட நாய் மொக்கு இல்லை.”

அங்கிள் எட்டிப் பார்த்துவிட்டு, “மூக்கு” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

கோட்டுப் படத்தைப் போட்டோவின் மேல் வைத்துப் பார்த்தால் மயிரிழை பிசகில்லை. இந்த இடத்தில் பல ஓவியர்கள் போட்டோவை எடுத்து நீட்டி, “பாருங்கோ, அப்படியே இருக்கு” என்று வாதாடுவார்கள். வாதில் வெல்லவும் கூடும். படம் மட்டும் சுவரில் ஏறாது. நோயாளி “இங்கே நோகுது” என்று சொல்வதை வைத்தியர் எப்படி எடுக்கிறாரோ அப்படித்தான் வீட்டுக்காரரின் குறையையும் எடுக்கவேண்டும்: நோவு உண்மை, காரணத்தை நாம்தான் தேடவேண்டும். அவர்கள் பத்துப் பன்னிரண்டு வருசம் அந்த முகத்தைப் பார்த்தவர்கள். போட்டோ பார்த்தது ஒரு நொடி.

கமராவின் கணக்கு

போன் கமராவின் பிரதான லென்ஸ், பழைய 35 மில்லிமீற்றர் பிலிம் கணக்கில் 24 முதல் 28 மில்லிமீற்றர் வரை வரும் அகலக் கோண லென்ஸ். அதில் ஒரு முகம் படம் முழுக்க நிறைய வேண்டுமென்றால் கிட்டப் போயே ஆகவேண்டும். கிட்டப் போனால் முன்னால் இருப்பது பெருக்கும், பின்னால் இருப்பது சிறுக்கும். மனித முகத்தில் மூக்குக்கும் கண்ணுக்கும் ஆழ வித்தியாசம் சில சென்றிமீற்றர்தான். அதுவே செல்பியில் மூக்கைப் பெருப்பிக்கிறது. நாய்க்கு முழு மோறையும் முன்னால் நீட்டிக்கொண்டு இருக்கிறது.

ஓவியர் மேசையில் இருந்து கணக்குப் போட்டார். பிரௌனி அளவு நாய்க்கு மூக்கு நுனியிலிருந்து கண்வரை 11 சென்றிமீற்றர் என்று வைப்போம். போன் மூக்கிலிருந்து 35 சென்றிமீற்றரில் இருந்தால் கண் 46 இல் இருக்கும். படத்தில் தெரியும் பருமன் தூரத்துக்கு நேர்மாறாகப் போகும். ஆகவே கண்ணோடு ஒப்பிட மூக்கு 46/35, ஏறக்குறைய 1.31 மடங்காகத் தெரியும். அதே நாயை 2 மீற்றர் தள்ளி நின்று பார்த்தால் 211/200, அதாவது 1.06 மடங்குக்குள். இரண்டையும் வகுத்தால், சோபாப் போட்டோவில் மூக்கு கிட்டத்தட்டக் காற்பங்கு கூடுதலாகப் பெருத்திருக்கிறது. காது அதைவிடப் பின்னால் இருப்பதால் இன்னும் சிறுத்து, மண்டைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். பெரிய மூக்கு, சிறிய கண், ஒட்டிய காது: அன்ரி சொன்ன ‘மொக்கு’ இதுதான்.

நாம் நாயைப் பார்ப்பது கதிரையிலிருந்து, குசினி வாசலிலிருந்து, கேற்றைத் திறந்துகொண்டு வரும்போது. மடியில் தூக்கி மூக்கோடு மூக்கு வைத்தாலும் இரண்டு கண்ணும் மூளையும் சேர்ந்து அளவைச் சரிசெய்துவிடும். கமராவுக்கு ஒற்றைக் கண், நினைவும் கிடையாது.

கணக்கு ஒரு ஊகம்தான். 35 சென்றிமீற்றரா 40 ஆ என்று யாருக்கும் தெரியாது. சாட்சி தேவைப்பட்டது. அனுப்பிய கட்டில், ஒதுக்கிவைத்த ஒரு தைப்பொங்கல் படம் இருந்தது. முற்றத்தில் பானை, கோலம், பட்டு உடுத்த பிள்ளைகள். ஓரத்தில், யாரும் கவனிக்காத இடத்தில், பிரௌனி நேரே கமராவைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. எடுத்தவர் மூன்று மீற்றராவது தள்ளி நின்றிருக்கவேண்டும். பெருப்பித்தால் தலை நகமளவு, முழுக்கக் கலங்கல், மயிர் என்று ஒன்றுமில்லை. ஆனால் கவராயம் வைத்து மூன்று அளவு எடுக்கலாம்: இரண்டு கண்ணின் உள்மூலைக்கும் இடைப்பட்ட வெளி, மூக்கின் அகலம், காது அடிகளுக்கு இடைப்பட்ட தூரம். சோபாப் படத்தில் மூக்கின் அகலமும் கண் இடைவெளியும் ஏறக்குறைய சமம். பொங்கல் படத்தில் மூக்கு அந்த வெளியின் ஐந்தில் நாலு பங்கு. கணக்கும் கலங்கல் படமும் ஒரே பேச்சைப் பேசின.

அடுத்த முறை ஓவியர் மூன்று கோட்டுப் படம் கொண்டுபோனார். ஒன்று சோபா அளவில், ஒன்று பொங்கல் அளவில், ஒன்று இரண்டுக்கும் நடுவில். அன்ரிக்குத் தனியாக, அங்கிளுக்குத் தனியாகக் காட்டினார். இருவரும் தயங்காமல் பொங்கல் அளவைத் தொட்டார்கள். மகளுக்கு வீடியோவில் காட்டியபோது அவர் நடுப்படத்தைத் தெரிந்தார்.

எனக்கு இந்த முழுச் சம்பவத்திலும் மிகப் பிடித்த இடம் இதுதான். மகள் கனடா போனபோது பிரௌனிக்கு நாலு வயது. அதன் பிறகு அவர் அதைப் பார்த்தது பெரும்பாலும் போனில். அம்மா வீடியோ கோலைத் திருப்பி நாயின் முகத்தடியில் பிடிப்பார். நாய் திரையை மோந்து பார்க்கும். அப்படிப் பார்த்துப் பார்த்து, அவர் நெஞ்சில் இருந்த பிரௌனிக்கே கொஞ்சம் போன் மூக்கு வந்துவிட்டது. இருவரும் பிழையில்லை. படம் தொங்கப்போவது வெள்ளவத்தைச் சுவரில் என்பதால் பொங்கல் அளவு வென்றது.

நரை விடயத்திலும் இதே இழுபறி. மகளுக்கு மோறை முழுக்கக் கறுப்பாக இருக்கவேண்டும். அவர் விட்டுப்போன நாய் அப்படித்தான் இருந்தது. அன்ரிக்கு நாடியிலும் கண்ணுக்கு மேலும் வெள்ளை வேண்டும். “நரைச்சாப் பிறகுதானே அவன் எங்களை விட்டு அங்கால இங்கால போகாம காலுக்க கிடந்தவன்.” காசு கொடுப்பவர் மகள், ஆனால் இதைக் கேட்டபிறகு அவர் பேசவில்லை. நரை வந்தது.

கறுப்பைக் கறுப்பால் கீற ஏலாது

பேப்பர், பிரான்சில் கிளேர்பொன்டெய்ன் செய்யும் பேஸ்டல்மற். சதுர மீற்றருக்கு 360 கிராம் வரும் தடிப்பான அட்டை, மேலே செல்லுலோஸ் நார் பூசிய முகம். தொட்டால் மெல்லிய வெல்வெட் போலிருந்தாலும் தூளை இறுக்கிப் பிடிக்கும். இங்கே கடையில் எல்லா நேரமும் கிடைக்காது. 2022 இல் டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து 360 ஐ ஒட்டிப் பறந்து, இறக்குமதிக்கும் கட்டுப்பாடு வந்த காலத்திலிருந்து, கொழும்பில் இந்த வேலை செய்யும் பலருக்கு யாராவது வெளிநாட்டிலிருந்து வரும்போது பெட்டியில் வைத்துக் கொடுத்துவிடுவதுதான் வழி. சுருட்டக்கூடாது, தட்டையாக வரவேண்டும். உடுப்புக்கு நடுவில் வைத்துக்கொண்டு வந்த உறவுக்காரருக்கு நன்றி. வெள்ளைத் தாளை விட்டு ஓவியர் நடுத்தரச் சாம்பலை எடுத்தார். கறுப்பையும் வெளிச்சத்தையும் இரண்டு பக்கமும் அளந்து போக அது வசதி.

கறுப்புப் பேஸ்டல் குச்சியை எடுத்துத் தேய்த்தால் கறுப்பு நாய் வராது, பேப்பரில் ஓட்டை வரும். இந்த வேலையில் தனிக் கறுப்பு மூன்றே இடத்தில்: கண்மணி, மூக்குத் துவாரம், வாய் மூடும் கோடு. மற்ற எல்லாம் கடும் நீலம், கரும்பழுப்பான கடும் செப்பியா, ஊதாவுக்குக் கிட்டப் போகும் பழுப்பு.

இங்கேயும் போட்டோவை நம்ப முடியவில்லை. கமரா ஒரு காட்சியை நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். கறுப்பு நாய் படம் முழுக்க நிறைந்தால் இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கறுப்பு சாம்பலாகும். அதன்மேல் வீட்டு மின்குமிழின் மஞ்சள். சோபாப் படத்தில் பிரௌனி நனைந்த சாக்கு நிறத்தில் இருந்தது.

ஆகவே வெளிச்சத்தை ஓவியர் புதிதாகக் கட்டினார். வழமையாக நாய் கிடக்கும் இடம் எது என்று கேட்டார்; முன் விறாந்தை, கேற்றைப் பார்த்தபடி. பக்கத்து வீட்டில் ஒரு கறுப்பு நாய் இருந்தது. அதை அதே விறாந்தையில், பின்னேரம், பிஸ்கட் கொடுத்து இருத்திவைத்துப் பார்த்தார். மண்டையின் மேற்பக்கமும் மூக்குத் தண்டும் வானத்தைப் பார்க்கின்றன. அங்கே மயிர் நீலச் சாம்பலாய்ப் பளபளக்கிறது. நாடிக்குக் கீழும் கழுத்தடியும் தரையைப் பார்க்கின்றன. சிவப்புச் சீமெந்து அங்கே செம்பழுப்பாய் ஏறுகிறது. காதோரத்தில் வெயில் குடித்த செம்பட்டை. கறுப்பு நாயின் முகத்தில் ஒரு வீட்டின் வானமும் தரையும் இப்படி ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதை நேரில் பார்க்காமல் எந்தப் போட்டோவும் சொல்லாது. அந்தச் செம்பழுப்பைச் சேர்த்த அன்றுதான் படம் வெள்ளவத்தைக்கு வந்தது என்று எனக்குப் பட்டது.

வரிசை முக்கியம். முதலில் மென்மையான பேஸ்டலை மெல்லிய படையாக, கடும் நிறங்களில், பஞ்சால் அழுத்தி. அதன்மேல் பேஸ்டல் பென்சில். கடைசியில் நிறப் பென்சில். தலைகீழாகச் செய்ய முடியாது; மெழுகோ எண்ணெயோ உள்ள பென்சில் ஏறிய இடத்தில் பேஸ்டல் தூள் ஒட்டாமல் வழுக்கும். கண், மூக்கு இரண்டிலும் பேஸ்டலே படாமல் வெறும் தாளை விட்டுவைத்து, ஃபாபர்-காஸ்டலின் பொலிகுரோமொஸ் பென்சிலால் மட்டும் வேலை செய்தார். 1908 முதல் வரும் பென்சில், 120 நிறம், எண்ணெய் சேர்ந்த நடு. இதில் 157 ஆம் இலக்கக் கடும் இன்டிகோவும் 175 ஆம் இலக்கக் கடும் செப்பியாவும் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் வரும் இருட்டு, எந்தக் கறுப்புப் பென்சிலிலும் வராது. அதற்குள் ஆழம் இருக்கும்.

உரோமம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரும் கேட்பது அதைத்தான், உண்மையில் இலகுவானதும் அதுதான். மூக்கடியில் மிகக் கட்டை, பின்னால் போகப் போக நீளம். ஓடும் திசை தெரிந்தால் கை தானாகப் போகும். எலும்பு சரியில்லாத தலையின்மேல் எத்தனை ஆயிரம் மயிர் கீறினாலும் அது மயிர் போர்த்த வேறு நாய்.

கண்ணுக்கு ஒரு முழு நாள் போனது. போட்டோவில் கண்மணியின் நடுவில் பிளாஷ் புள்ளி. அதை எடுத்துவிட்டு, விறாந்தை வெளிச்சம் விழும் மேல் இடது மூலையில் ஒரு சிறு நீலவெள்ளைச் சதுரம் வைத்தார். அதற்குள் கேற்றின் கம்பிகள் இரண்டு, ஊசிமுனைப் பென்சிலால். அதற்கு நேரெதிரே, கருவிழியின் கீழ் வலது பக்கம், பழுப்பைக் கொஞ்சம் ஏற்றிவிட்டார். வெளிச்சம் கண்ணுக்குள் புகுந்து மறுபக்கத்தில் விளங்கும் இடம் அது. இந்த எதிர்வெளிச்சம் இல்லாவிட்டால் கண் ஒட்டிய பொத்தான் போலவே இருக்கும்.

நாக்கு நுனி கொஞ்சம் வெளியே தெரிகிறது. மெல்லிய இளஞ்சிவப்புகளும் ஊதாக்களும்தான் நிறப் பென்சில்களில் வெளிச்சத்துக்கு முதலில் வெளிறுபவை. பொலிகுரோமொஸில் மூன்று நட்சத்திரம் போட்டவை உறுதியானவை; நாக்குக்கு அதிலிருந்து மட்டும் எடுத்தார். இல்லையென்றால் சில வருசத்தில் நாய் நிற்கும், நாக்கு போய்விடும்.

கொழும்புக் காற்று

பேஸ்டலைப் பற்றிய புத்தகங்கள் பெரும்பாலும் குளிர்நாட்டில் இருந்து எழுதியவை. அவற்றில் வியர்வை வராது. பேஸ்டல்மற்றின் மேல் ஈரக்கை ஒருமுறை பட்டால் போதும், அந்த எண்ணெய்ப் பசை இருக்கும் இடத்தில் தூள் திட்டுத்திட்டாகத்தான் பிடிக்கும். கைக்கடியில் எப்போதும் கிளாசின் என்னும் வழுவழுப்பான தாள். விசிறியும் போட ஏலாது. கூரை விசிறி தூளை முழு அறைக்கும் பரப்பி மூச்சுக்குள் கொண்டுபோகும், சில நிறங்களில் கட்மியமும் கோபாற்றும் உண்டு. ஊதித் தள்ளுவதும் கூடாது. பலகையைச் சரித்து, பின்னால் தட்டி, கீழே விழும் தூளை ஈரத்துணியால் எடுக்கவேண்டும். ஏப்ரல் மாதப் பின்னேரத்தில் முகக்கவசத்தோடு விசிறியில்லாமல் வேலை செய்பவரைப் பார்த்தால்தான் இதன் விலை ஏன் அப்படி என்று விளங்கும்.

முடிந்தபின் பெரிய எதிரி பூஞ்சணம். பேஸ்டலைக் குச்சியாகப் பிடிக்கும் பசையும் தாளும் அதற்குச் சாப்பாடு. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் அது முளைக்கப் பார்க்கும். கொழும்பில் வருசத்தின் பெரும்பகுதி அதற்கு மேல்தான், வெள்ளவத்தைக் கடலோரத்தில் உப்பும் சேர்ந்து. நிலைநிறுத்தும் ஸ்பிரே அடிக்கவில்லை. அது தூளை நனைத்து வெளிச்சமான இடங்களை மங்கவைக்கும். இவ்வளவு பாடுபட்டு வைத்த நீலப் பளபளப்பு முதலில் போகும்.

ஆகவே பாதுகாப்பு முழுக்கப் பிரேமில்தான். பதினெட்டாம் நூற்றாண்டில் ரொசால்பா கரியேரா, லியோட்டார் போன்றவர்கள் கீறிய பேஸ்டல் முகங்கள் இன்றும் புதிதாய் நிற்கின்றன என்றால் கண்ணாடிக்குப் பின்னால் யாரும் தொடாமல் இருந்ததுதான் பெரிய காரணம். பிரேம் கடைக்காரர் முதலில் அக்ரிலிக் தாள் போடலாம், பாரம் குறைவு, உடையாது என்றார். அதில் நிலைமின் ஏறும். தூளைப் படத்திலிருந்து இழுத்துத் தன்மேல் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடிதான் என்று நின்றார் ஓவியர். கண்ணாடி படத்தில் முட்டாமல், படத்தைச் சுற்றிவரும் அமிலமில்லாத மௌன்ட் அட்டை, அதற்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத சிறு இடைக்கட்டை. உதிரும் தூள் மௌன்டின் வெள்ளை விளிம்பில் விழாமல் பின்னால் இறங்கும். முதுகை ஒட்டி மூடி, நாலு மூலையிலும் றப்பர் குமிழ், சுவருக்கும் பிரேமுக்கும் இடையில் காற்றோட.

வீட்டில் தொங்கவிட அங்கிள் தெரிந்துவைத்திருந்தது கடற்பக்க வெளிச்சுவர். மழைக்கு ஈரம் ஊறும் சுவர். அதை மாற்றி, உள்ளறைகளுக்கு நடுச்சுவரில், யன்னல் வெயில் நேரே படாத இடத்தில் ஆணி அடித்தார்கள். அன்ரி படத்தைப் பார்த்து முதலில் சொன்னது, “உவன் இப்பவும் கேற்றைத்தான் பாக்கிறான்” என்று. கண்ணுக்குள் கம்பி வைத்ததை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

வீட்டுக்காரர் இல்லாத பிராணி

இதே மாதங்களில் அதே ஓவியர் மேசையில் இன்னொரு படம் ஓடிக்கொண்டிருந்தது: மீன்பிடிப் பூனை, சிங்களத்தில் ஹந்துன் திவியா. கொழும்புக்குள்ளேயே, தலவத்துகொடையிலிருந்து கோட்டே வரை நீளும் சதுப்புநிலங்களில் வாழும் காட்டுப்பூனை. 2018 இல் உலகில் முதன்முதலாக, ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் ஈரநில நகரம் என்று அங்கீகாரம் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. அந்தப் பெருமைக்குள் பதுங்கி நடப்பது இந்தப் பூனை. உலகளவில் அழிவாபத்துக்கு உள்ளாகக்கூடிய இனமாகப் பட்டியலிடப்பட்டது. இருட்டில் கண்டவர்கள் பலர் சிறுத்தைக் குட்டி என்று அலறுவார்கள்.

இங்கே “இது எங்கட பூனை இல்லை” என்று சொல்ல ஒருவருமில்லை. அதனால் வேலை இலகு என்று நினைக்கவேண்டாம். பிழை விட்டால் பிடிக்க ஆளில்லை என்பதுதான் சிக்கல். போட்டோவும் வேறு விதமாக ஏமாற்றும். இந்தப் பூனையின் படங்களில் பல, இரவில் தானியங்கிக் கமரா அகச்சிவப்பு வெளிச்சத்தில் எடுத்தவை: நிறமே கிடையாது, கண் இரண்டும் வெள்ளைத் தட்டாய் எரியும். கண்ணின் பின்னால் இருக்கும் பிரதிபலிக்கும் படை செய்யும் வேலை அது. அப்படியே கீறினால் பேய்ப்படம்.

வீட்டுக்காரருக்குப் பதிலாக உடலமைப்பு சாட்சி சொல்லவேண்டும். வீட்டுப் பூனையைப்போல் ஏறக்குறைய இருமடங்கு உடல். கட்டைக் கால், தடித்த குட்டை வால். வால், தலையும் உடலும் சேர்ந்த நீளத்தின் பாதிக்கும் குறைவு. காது சிறிது, உருண்டை, பின்பக்கம் கறுப்பில் ஒரு வெள்ளைப் பொட்டு. நெற்றியிலிருந்து பிடரிக்கு ஓடும் கருங்கோடுகள் பிறகு புள்ளிகளாய் உடையும். விரல்களுக்கிடையே பாதித் தோல். நகம் உறைக்குள் முழுதாய் மறையாது. சாதாரண வீட்டுப் பூனையைப் பார்த்துக் காலைக் கீறியவரின் படத்தில் இந்தக் கடைசி இரண்டும் காணாமல் போகும். கொழும்பில் அப்படிப்பட்ட படங்கள் நான் கண்டிருக்கிறேன்.

உரோமம் இரண்டு படை: அடியில் தண்ணீர் புகாத அடர்ந்த கட்டை மயிர், மேலே நீளமான காவல் மயிர். பேஸ்டலும் பென்சிலும் சேர்ந்த முறைக்கு இதைவிடப் பொருத்தமான பிராணி இருக்காது. அடிப்படையை ஒலிவ் கலந்த சாம்பல் பேஸ்டலால் தூளாகவே விட்டு, காவல் மயிரை மட்டும் பென்சிலால் இழுத்தால் ஈரமான பூனை தானாக வரும். தண்ணீர் முத்துகளைக் கடைசியில் வெள்ளைப் பேஸ்டல் பென்சிலால் வைத்தார், எண்ணிக் குறைவாக.

ஒரு சட்டச் சங்கதி. பிரௌனியின் போட்டோக்கள் வீட்டுக்காரர் எடுத்தவை, அவர்களே தந்தவை. காட்டுப் பிராணி என்றால் இணையத்தில் கண்ட படத்தைப் பார்த்துக் கீறிவிட்டு விற்பது நம்மிடையே சாதாரணமாகிவிட்டது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்கீழ் போட்டோவும் ஒரு படைப்பு. அதைத் தழுவிச் செய்வதற்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும். சதுப்பில் இரவிரவாய்க் காத்திருந்து எடுத்தவரின் உழைப்பு அது. ஓவியர் ஒரு படப்பிடிப்பாளரிடம் எழுதிக் கேட்டு, அவர் தந்த பல படங்களிலிருந்து காலை ஒன்றில், தலையை இன்னொன்றில், வெளிச்சத்தைத் தன் விருப்பத்தில் எடுத்தார்.

கொழும்பில் கிறீன் பாத் வீதி ஓரத்தில் நடக்கும் கலா பொலவுக்கு அந்தப் படம் போனது. ஜோர்ஜ் கீற் மன்றம் 1993 இல் தொடங்கிய திறந்தவெளிச் சந்தை அது. நின்று பார்த்தவர்களில் பாதிப் பேர், “அப்படியே போட்டோ மாதிரி இருக்கு” என்று பாராட்டினார்கள். இந்தப் பாராட்டுத்தான் இந்தத் தொழிலைக் கெடுப்பது என்பது என் கட்சி. அதைக் கேட்கும் ஆசையில்தான் இளையவர்கள் போட்டோவின் மூக்கையும் சாம்பல் கறுப்பையும் எரியும் கண்ணையும் சேர்த்தே பிரதி எடுக்கிறார்கள். ஓவியர் சிரித்துக்கொண்டு நன்றி சொன்னார். ஒருவர் மட்டும், சதுப்பு ஓரத்தில் வீடு உள்ளவர், காலைச் சுட்டிக் காட்டி, “இதின்ர நகம் உள்ள போகாதெல்லோ” என்று கேட்டார். படம் இன்னும் விற்கவில்லை. விலையைக் குறைக்க ஓவியருக்கு மனமில்லை.